72 பாக்கெட் பாலும் 12 லட்ச ரூபாயும்

கடையில் பால் வைக்க லைசென்ஸ் வேண்டுமா என்று யாராவது கேட்டால், ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் போகும் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பதில் அதில்தான் இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் புதிதாகக் கடை போட்டிருக்கும் தம்பி போன வாரம் வந்து இதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமாகக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். நான் அலைந்த 2022-ல் இதைத் தமிழில் விளக்கிச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

எங்கள் கடை வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்த மளிகைக் கடை, இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்திலேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரி, அதனால் சுற்றிலும் லாட்ஜ். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், சமையல் வசதியோடு ரூம் எடுத்துத் தங்குவார்கள். அவர்கள் கடைக்கு வந்து கேட்பது அரிசி, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய், அப்புறம் பால். முதல் மூன்றும் எங்களிடம் இருந்தது, பால் இல்லை. எதிர் வீட்டு ஆயா வேறு தினமும் காலையில் டீத்தூள் வாங்கும்போதெல்லாம், "இன்னாம்மா, டீத்தூள் கீது, சக்கரை கீது, பால் மட்டும் இல்லன்னா இன்னா கடை இது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். சரி, வைத்துவிடலாம் என்று 2022 பிப்ரவரியில் ஏஜென்ட்டிடம் சொல்லி மூன்று டப் பால் எடுத்தோம். ஒரு டப்பில் 24 அரை லிட்டர் பாக்கெட். ஆக 72 பாக்கெட்.

அப்போது எங்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருந்தது. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி எடுக்கிறோமே, அது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்டு மாட்டியிருந்தோம். மளிகைக்கு இருக்கிறதே, பாலுக்கும் அதுவே போதும் என்றுதான் நானும் நினைத்தேன். நம் ஊரில் பத்துக்கு எட்டுக் கடைக்காரர்கள் இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளின்படி, சாப்பிடும் பொருள் விற்கிற எவரும் ஒன்று பதிவு செய்ய வேண்டும், இல்லை உரிமம் எடுக்க வேண்டும். நான் எடுத்த 2022-ல் வருட விற்பனை 12 லட்சம் வரைக்கும் பதிவு போதும் என்று இருந்தது. அதைத் தாண்டினால் அப்போது மாநில உரிமம், சில்லறைக் கடைக்கு வருடத்துக்கு 2000 ரூபாய். அன்றைய விதியில் 20 கோடியைத் தாண்டினால் மத்திய உரிமம், அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. இந்த 12 லட்சம் என்பது லாபக் கணக்கே அல்ல, கல்லாவுக்கு வந்துபோகும் மொத்தப் பணத்தின் கணக்கு. பால் விற்கிறவர்கள் சிக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

12 லட்சத்தை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 3,288 ரூபாய் வருகிறது. அப்போது ஆவின் அரை லிட்டர் நீலம் 20, பச்சை 22, ஆரஞ்சு 24. சராசரி 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 150 பாக்கெட் போனால் 3,300 ரூபாய், வருடத்துக்கு 12,04,500. அதாவது வேறு எதுவுமே விற்காமல், தெருமுனையில் ஒரு பெட்டி போட்டு ஆறே கால் டப் பால் மட்டும் விற்கிற ஆளே அன்றைய கோட்டைத் தாண்டிவிடுவார். அவருக்குப் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நிற்கிறது என்றால் நாளைக்கு 150 ரூபாய், கரண்ட் பில்லுக்கே அதில் பாதி போய்விடும். கையில் நிற்பது அவ்வளவுதான் என்றாலும் அன்றைய சட்டத்தின் கணக்கில் அவர் 12 லட்சத்து வியாபாரி.

எங்கள் கதை இன்னும் சுருக்கம். சோப்பு, துடைப்பம், ஊதுவத்தி எல்லாம் கழித்து, சாப்பிடும் பொருள் மட்டும் எங்கள் கடையில் நாளைக்கு 2,200 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்கு 8,03,000. பதிவுக்குள் சௌகரியமாக இருந்தோம். அதன்மேல் 72 பாக்கெட் பால், நாளைக்கு 1,584, வருடத்துக்கு 5,78,160. கூட்டினால் 13,81,160. மாமனார் காலத்திலிருந்து இத்தனை வருடம் நடந்த கடை, மூன்று டப் பால் வைத்ததும் வேறு வகைக் கடையாகிவிட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், 50 பாக்கெட்டிலேயே நாங்கள் தாண்டியிருப்போம்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. பதிவில் பாலையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையன் ஆதாரையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு, "1,500 ஆகும் கா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றான். என்ன 1,500 என்று கேட்டால் சர்வீஸ் சார்ஜ் என்றான், அது அவன் பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் திரையைப் பார்த்தபோது வருட விற்பனை என்ற இடத்தில் அவனாகவே 5 லட்சம் என்று அடித்திருந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது யார் சொன்ன கணக்கு தம்பி என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தான் கா போடறோம், ஒண்ணும் ஆவாது" என்றான். கையெழுத்து என்னுடையது, போட்டோ என்னுடையது, சொன்ன விவரம் எல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுப்பதும் நான். எனக்கு அது பிடிக்கவில்லை. காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெரிய வாக்குவாதம். வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலில் மாதம் இரண்டாயிரம் சொச்சம்தான் நிற்கிறது, அதற்காக 2000 ரூபாய் கட்டி, இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆட்களை வரவழைத்துக்கொள்ள வேண்டுமா, பேசாமல் 5 லட்சம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நான் ஏஜென்ட் பில்லை எடுத்து வைத்தேன். மாதம் 45,000-க்கு மேல் பால் வாங்கியதாக அதில் இருக்கிறது. நாளைக்கு யாராவது வந்து இந்தப் பில்லையும் அந்த 5 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன பதில் சொல்வது? உரிமம் எடுக்க வேண்டிய அளவுக்கு வியாபாரம் செய்துகொண்டு அது இல்லாமல் நடத்துவது 63-ஆம் பிரிவில் வரும் குற்றம். இதையெல்லாம் சொன்னேன். ஆனால் என் மனதில் இருந்த காரணம் வேறு.

மார்ச்சில் ஒருநாள் சாயந்திரம் ஒருத்தர் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். வங்காளக்காரர், லாட்ஜில் தங்கியிருப்பவர், முகம் தெரியும். பாத்திரத்தை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். பால் திரிந்து தண்ணீர் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கமாக நின்றது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் சண்டை போடவே இல்லை. "கராப்" என்று ஒரே வார்த்தை சொன்னார், அப்புறம் கையை இடுப்பு உயரத்தில் காட்டி, "பேட்டி" என்றார். மகளுக்காக வாங்கின பால். ஆபரேஷன் முடிந்த பிள்ளை என்று பிறகு தெரிந்தது. வேறு பாக்கெட் கொடுத்தேன், காசும் திருப்பிக் கொடுத்தேன், அவர் காசை வாங்கவில்லை. காலையில் வாங்கி வைத்த அதே டப்பில் இருந்த பால்தான், தேதியும் சரியாக இருந்தது. அப்படியானால் கெட்டது எங்கே? என் கடையில்தான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அதனால் உரிமமே எடுப்போம், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவானது.

விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில். 2020 ஜூனிலிருந்து தமிழ்நாட்டுக்கு இதுதான். கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் உள்ள தனியார் பக்கங்கள் நிறைய வரும், பெயரும் போன் நம்பரும் போட்டதும் பணம் கேட்பார்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். என் பொண்ணு லேப்டாப்பில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் பைலோடு உட்கார்ந்தேன். வியாபார வகையில் சில்லறை விற்பனையாளர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த விற்பனை, விநியோகம் என்றெல்லாம் இருக்கும், பால் ஏஜென்ட்டிடமிருந்து வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற நமக்கு அவை வேண்டாம். பொருள் வகையில் முதல் வகையே பாலும் பால் பொருட்களும்தான். தயிர், வெண்ணெய், நெய் வைப்பதாக இருந்தால் அதையும் அப்போதே குறித்துவிடுங்கள். போட்டோ, அடையாள அட்டை, கடை இடத்துக்கான ஆதாரம், இவைதான் முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் அன்றைய விதியும் கட்டணமும் என்ன என்று தளத்திலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இவை அவ்வப்போது மாறும்.

மாவட்டம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் கடை ஓனர் வைத்திருக்கும் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. 1989-ல் அது பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது, மீதி பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019-ல் வேலூரும் மூன்றாகி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. எங்களுக்குப் பிரச்சினை இல்லை, வேலூர் வேலூர்தான். ஆனால் என் நாத்தனார் வாலாஜாவில் கடை வைத்திருக்கிறாள். ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது, அதைப் பார்த்து வேலூர் என்று போட்டுவிட்டாள். விண்ணப்பம் வேலூர் அலுவலகத்துக்கு வந்து நின்றுவிட்டது. கடை இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஆற்காடு, அரக்கோணம், சோளிங்கர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆட்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கடை இன்றைக்கு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

எங்கள் விண்ணப்பமும் ஒரு தடவை திரும்பி வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், கரண்ட் பில்லில் புதிய கதவு எண், நாங்கள் விண்ணப்பத்தில் போட்டது கடை போர்டில் எழுதியிருந்த வேறொரு எண். விளக்கம் கேட்டிருந்தார்கள். இந்த மாதிரித் திரும்பி வந்தால் 30 நாளுக்குள் பதில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் மூடிவிடும், கட்டின பணமும் போய்விடும். எஸ்.எம்.எஸ். வரும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள், வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். மாநகராட்சி சொத்து வரி ரசீதில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டும் இருந்தது, அதோடு ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கி ஏற்றினோம். சரியாகிவிட்டது. மாநகராட்சித் தொழில் உரிமம் வேறு, இது வேறு. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது.

அப்புறம் மே மாதம், கத்திரி வெயிலில், உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்தார். மதியம் பன்னிரண்டரை மணி. வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள், தெருவில் நாய்கூட இல்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அமைதியாகப் பேசினார். பினாயில் பாட்டில் இருந்த தட்டை மட்டும் கீழே மாற்றச் சொன்னார். பில் எல்லாம் பார்த்தார், ஏஜென்ட் பில்லில் அவருடைய 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருக்கிறதா என்று பார்த்தார். 2022 ஜனவரி முதல் பில்லில் அந்த எண் இருக்க வேண்டும், நாமும் உரிமமோ பதிவோ உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும், வாங்கினதற்குக் கணக்கும் வைக்க வேண்டும். பிறகு நேரே பால் வைக்கிற விசி கூலருக்கு, அந்தக் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டிக்கு, போனார். பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து நடுத்தட்டில் இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே செருகிவிட்டுக் கதவை மூடினார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து பார்த்தால் 11 டிகிரி.

வெளியே கூலரின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 4 என்று காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே 11. எனக்கு அந்த எவர்சில்வர் பாத்திரம் ஞாபகம் வந்தது.

"இப்படி அடைச்சு வெச்சா காத்து எப்படிம்மா போவும்?" என்று கேட்டார். இடம் வீணாகக் கூடாது என்று நான் பாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, பின் சுவரைத் தொட்டுக்கொண்டு, கதவு மூடுவதே கஷ்டம் என்கிற அளவுக்கு அடுக்குவேன். குளிர்காற்று வருகிற வாயையே பால் பாக்கெட் அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தது ஐஸாக உறைந்துகிடக்கும், முன்னால் இருந்தது வெதுவெதுப்பாக இருக்கும். கதவை நிமிஷத்துக்கு ஒரு தடவை திறப்பதால் முன் வரிசைதான் முதலில் கெடும், அதைத்தான் நான் முதலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கையாலேயே ஒரு தட்டைக் காலி செய்து, பின்னால் நாலு விரல் அகலம் இடம் விட்டு, ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசைதான் என்று அடுக்கிக் காட்டினார். அன்று சாயந்திரமே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் 5, மதியம் 6. அப்புறம் கதவு ரப்பரை மாற்றினோம், 4-க்கு வந்தது.

பாக்கெட் பாலைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. டெய்ரியில் பாலை 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்கி உடனே குளிரவைக்கிறார்கள். அதில் நோய்க் கிருமி செத்துப்போகும், ஆனால் பாலைத் திரியவைக்கிற கிருமியில் கொஞ்சம் பிழைத்திருக்கும், குளிரில் தூங்கிக்கொண்டிருக்கும். 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறவரைக்கும் அது அடங்கியிருக்கும். சத்துவாச்சாரி டெய்ரியிலிருந்து வந்தாலும் சரி, வேறு கம்பெனியிலிருந்து வந்தாலும் சரி, அவர்கள் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும், கடைசி பத்து மணி நேரம் அது நம் கையில் இருக்கிறது. பாலை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் வைத்திருப்பதும் இதனால்தான்.

எங்கள் முறை அதன்பிறகு மொத்தமாக மாறிவிட்டது. காலை நாலே முக்காலுக்கு வண்டி வரும். முன்பெல்லாம் டப்பை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், நாங்கள் ஆறு மணிக்கு எடுத்து வைப்போம். இப்போது வண்டிச் சத்தம் கேட்டதும் ஒருத்தர் இறங்கிப் போகிறோம். ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கி மூலையில் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பேன். தையல் விட்டிருந்தால் ஒரு சொட்டு முத்து மாதிரி வெளியே வந்து நிற்கும். அதைத் தனியாக வைத்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒரு லீக் பாக்கெட் போதும், சிந்தின பால் மற்ற பாக்கெட்டெல்லாம் ஒட்டி நாற்றம் வந்துவிடும். நேற்றுப் பால் முன்னால், இன்றுப் பால் பின்னால். டப்பைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். கரண்ட் போனால் கூலர் கதவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, வருகிறவரைக்கும் திறப்பதில்லை. லாட்ஜ்காரர்களிடம் ரூமில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் ஒரு பாக்கெட் மட்டும் வாங்கி உடனே காய்ச்சச் சொல்கிறேன், சாயந்திரம் வேண்டுமானால் சாயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு பாக்கெட் விற்கலாம்தான், பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 22 ரூபாய் என்று அச்சடித்த பாக்கெட்டை 23-க்கு விற்று, கேட்டால் கூலிங் சார்ஜ் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாஷை தெரியாத ஆட்களிடம் இது இன்னும் சுலபம். அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் சட்டப்படி தப்பு. குளிர்பதனம் நம் கடமை, அதற்குத் தனிக் கூலி கிடையாது. கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்றால் ஏஜென்ட்டிடம் கமிஷனைப் பற்றிப் பேசுங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் பிடுங்காதீர்கள்.

ஜூன் இரண்டாவது வாரம் உரிமம் வந்தது. பதிவு எண் 2-ல் ஆரம்பிக்கும், உரிம எண் 1-ல் ஆரம்பிக்கும், பார்த்ததும் வித்தியாசம் தெரியும். பழைய பதிவைத் தளத்திலேயே ஒப்படைத்துவிட்டு, முருகனுக்குப் பக்கத்தில் பழையதை எடுத்துப் புதியதை மாட்டினோம். வீட்டுக்காரர்தான் ஆணி அடித்தார்.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவுக்குக் கறந்த பால் ஊற்றுகிற அண்ணன் ஒருநாள் வந்தார். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து டி.வி.எஸ்.ஸில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருகிறவர். "எனக்கும் இதெல்லாம் வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டும். பால் வாங்கி வீடு வீடாக ஊற்றுகிறவரும் உணவு வியாபாரிதான், நாளைக்கு 500 லிட்டர் வரைக்கும் கையாள்கிறவருக்குப் பதிவு போதும். கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து, கறக்கிற பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுகிறவருக்கு மட்டும் இந்தப் பதிவிலிருந்து விலக்கு. இவர் சங்கத்துக்குக் கொஞ்சம், வீடுகளுக்குக் கொஞ்சம் ஊற்றுகிறவர். என் பொண்ணு அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தாள். அவர் 1,500 ரூபாயை எண்ணி நீட்டினார், யாரோ அவ்வளவு ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். 100 ரூபாய்தான் அண்ணா என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் ஒரு சொம்பு சீம்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தெருக்கோடித் தம்பிக்கு வருகிறேன். ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன், எழுதிக்கொண்டு வந்தான். பால் நாளைக்கு 38, 41, 40 என்று போகிறது. பிஸ்கட், பிரெட், முட்டை, மற்ற தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய். பழைய 22 ரூபாய் விலையிலேயே பாலை வைத்தால் வருடத்துக்கு ஏழு லட்சத்துக்குள் நிற்கிறது, இன்றைய விலையைப் போட்டாலும் அந்தப் பழைய 12 லட்சக் கோட்டின் பக்கம்கூட வரவில்லை. அவனுக்கு இப்போதைக்கு 100 ரூபாய் பதிவு போதும், 2000 கட்டத் தேவையில்லை. பால் கூடக் கூட நோட்டைப் பார்த்துக்கொண்டே இரு என்று மட்டும் சொன்னேன். கூலரைத் திறந்து காட்டச் சொன்னேன், அவனும் பின் சுவரோடு ஒட்டித்தான் அடுக்கியிருந்தான். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திருப்பி அடுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் கதவு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறேன்.